பைன் கன்றும் வலைக்குள் சிக்கிய முயலும்

ஏர்பேட்டில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டுக்குப் பின்னால் ஒரு கொல்லை. அதைத் தாண்டினால் முள்காடு. அந்தக் கொல்லையில்தான் என் பைன் கன்றை நட்டேன். உலகத்தில் மிகக் கொஞ்சமே மிஞ்சியிருக்கும் ஜாதி என்று சொல்லி, பெங்களூர் நண்பர் ஒருவர் கொடுத்தது. என் முழங்கால் உயரம். சித்திரை வெயிலில் அதற்கு என் குடையைக் கட்டிவைத்து, இரண்டு வேளையும் ஐஸ் தண்ணீர் ஊற்றினேன்.

"இன்னாங்க இது, தொடப்பத்துக்குப் போயி கொடை புடிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

அவளுக்குப் பிடித்தது, விடிந்ததும் முள்காட்டிலிருந்து வரும் காட்டு முயல். டீ டம்ளரோடு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். அது பைனுக்கு அடியிலேயே மேயும்போது, கன்றைக் கடித்துவிடுமோ என்று நான் ஜன்னலை விட்டு நகரமாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மேனேஜரும் கூட வேலை செய்கிற இரண்டு பேரும் மரத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. அன்று காலை அவசர அவசரமாகக் கன்றைச் சுற்றிக் கம்பிவலை கட்டினேன். அவர்கள் வந்ததும் குடையை விலக்கினேன்.

"சார், இது டைனோசர் காலத்து மரம்."

"அரே, குந்தேலு!" என்று தெலுங்கில் கூவினார் மேனேஜர்.

முயலேதான். புல்லுக்குள் பதுங்கியிருந்ததைக் கவனிக்காமல், அதையும் உள்ளே வைத்தே வலை கட்டியிருக்கிறேன். மூன்று போன்களும் முயலைப் படம் பிடித்தன.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "முயலு கொல்லைக்கு நாலு கெடைக்கும் சார். இந்த மரம் சுத்துவட்டாரத்துலயே இது ஒண்ணுதான்."

"ஒண்ணா இருந்து இன்னா? முயலு காத ஆட்டுது, குதிக்குது. இது வந்த நாள்லேர்ந்து மொறைச்சிக்கினு நிக்குது" என்றாள் மனைவி. மேனேஜர் தலையாட்டினார்.

முயலை விட்டுவிடலாம் என்று வலையைக் கழற்றினேன். அது மேனேஜரின் கால்களுக்கு நடுவே பாய்ந்தது. அவர் துள்ளித் தடுமாறி, நேராகப் பைன் மேலேயே உட்கார்ந்தார். எழுந்தபோது கன்றின் நுனி முறிந்திருந்தது. அவர் பேண்ட்டின் பின்புறமெல்லாம் பச்சை ஊசிகள். மனைவி சுட்டு வைத்திருந்த பூரியை நின்றுகொண்டேதான் சாப்பிட்டார்.

சாயந்திரம் கன்றின் அருகே துக்கத்தோடு குந்தியிருந்தேன். மனைவி வந்து குனிந்து பார்த்தாள்.

"ஒரு எலையிலகூட பல்லு படல பாருங்க. நீங்க ஊத்துன தண்ணிக்கு மொளைச்ச புல்லத்தான் அது துன்னுக்கினு இருந்துது."

ஒரு மாதம் கழித்து, முறிந்த இடத்துக்குக் கீழே துளிர் விட்டது. சந்தோஷத்தில் நான் போட்ட கூச்சலில், மேய்ந்துகொண்டிருந்த முயல் ஓடியே போய்விட்டது. மூன்று நாள் வரவில்லை. அந்த மூன்று நாளும் மனைவி என்னோடு பேசவில்லை.