கல்லுக்குக் கல் நின்று ஏறினேன்

உச்சி வெயிலில் எனக்குக் குளிர் எடுத்தது. தேவனூர் நாட்டிலிருந்து மிளகு மூட்டையோடு மலையிறங்கிக்கொண்டிருந்தோம். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ள, மலையடிவாரக் காரவள்ளியில் ஒரு வீட்டு நிழலில் சுருண்டு படுத்துவிட்டேன்.

சேந்தமங்கலம் டாக்டர், மலைக்காய்ச்சல் (கொசுக்கடியால் வரும், விட்டுவிட்டுக் குளிரும் காய்ச்சல்) என்றார். கொயினா (காய்ச்சலை அடக்கும் மருந்து) கொடுத்தார். அந்தக் கசப்பைச் சொல்லி மாளாது. காய்ச்சல் விட்டது. காலில் மட்டும் தெம்பில்லை.

இனிச் சுமை வேண்டாமென்று வீட்டில் எனக்கு அடுப்படியைக் காட்டினார்கள். சேந்தமங்கலம் சந்தையில் மிளகு விற்று, உப்பு வாங்கி, அன்றைக்கே மலையேறுகிறவள் நான். என் மூட்டையை நாத்தனார் தூக்கிப் போனபோது வயிறு எரிந்தது. மறுபடி சுமை தூக்கும் பெண்களின் வரிசையில் நடக்காமல் விடுவதில்லை என்று தீர்மானித்தேன்.

எங்கள் ஒற்றையடிப் பாதையில் சுமைதாங்கிகள் (தலைச்சுமையை ஒற்றை ஆளாக இறக்கி ஏற்ற வசதியான உயரக் கல்) உண்டு. முதல் கல்லிலேயே நிற்பவளை எல்லோரும் கேலி பேசுவார்கள். அந்த வாய்களுக்குப் பயந்து, உடம்பு தேறுமுன்பே சுமையோடு இரண்டு கற்களை ஓட்டமாய்த் தாண்டினேன். அடுத்த ஏற்றத்தில் கண் இருட்டி விழுந்தேன். காய்ச்சல் திரும்பி வந்தது.

டாக்டர் என் இடப்பக்க விலாவுக்குக் கீழே அழுத்தினார். "மண்ணீரல் வீங்கியிருக்கும்மா. சுமையோட விழுந்தா கிழிஞ்சிரும். உசுருக்கே ஆபத்து."

"எப்பச் சுமக்கலாமுங்க?"

என் விரலையே அங்கே வைத்துக் காட்டினார். "இந்தக் கெட்டி தட்டுப்படாமப் போனதும் வா. அதுவரைக்கும் வெறுங்கையா நட."

நடந்தேன். படுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே தடவிப் பார்த்தேன். ஒரு மழைக்காலம் போனது. கெட்டி தட்டுப்படவில்லை. டாக்டரும் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் சுமை எடுத்தேன், முதலில் ஒரு படி மிளகு மட்டும். ஒவ்வொரு கல்லிலும் நின்றேன், மூச்சு வாங்குமுன்பே நின்றேன். இதே நோயில் கிடந்து எழுகிறவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன்: களைத்துப் போகும்வரை காத்திருக்காதீர்கள்.

"ஏனுங்க அண்ணி, கல்லுக்குக் கல்லு உங்களுக்கு அம்மா ஊடுங்களா?" என்றாள் நாத்தனார். வரிசையே சிரித்தது.

"ஆமாங் கண்ணு. நீ முன்னால போ. நான் விருந்து சாப்பிட்டுட்டு வாரேன்."

சுமையைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டினேன். ஒரு சந்தை நாளில் பழைய பாரத்தோடு இறங்கி, உப்போடு ஏறினேன். எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். போகட்டும் என்று விட்டேன்.

விளக்கு வைத்தபின் வீடு சேர்ந்தேன். "எல்லாரும் எப்பவோ வந்துட்டாங்க. உனக்கு இவ்வளவு நேரமா?" என்றபடி வீட்டுக்காரர் என் தலைச்சுமையை வாங்கினார். பாரத்தில் அவர் கை தாழ்ந்தது.

"முழு மூட்டையா?"

"முழு மூட்டைங்க."

மழை வந்தால் இப்போதும் உடம்பு ஒரு நாள் நடுங்கும். முன்னால் போகிறவர்களின் முதுகைப் பார்த்துத்தான் முன்பெல்லாம் என் வேகத்தை அளந்தேன். இப்போது என் மூச்சைக் கேட்டு நடக்கிறேன். பொழுது எனக்காகக் காத்திருக்காது, தெரியும். இருட்டட்டுமே. அடுத்த சந்தைக்கும் நான்தான் போவேன்.