மாது விடாமல் அடித்த இடம்

அரூர்ப் பக்கத்தில் போய் மாது வீடு எது என்று கேட்டால், எந்த மாது என்று திருப்பிக் கேட்பார்கள். தெருவுக்கு நாலு மாது உண்டு. பம்பை மாது என்று சொல்லிவிட்டால் போதும், டீக்கடைக்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை வழி சொல்வார்கள். விடியும்போது பால் கேன்களை ஏற்றிக்கொண்டு குட்டி வண்டி ஓட்டிப் போகிறவரும் அதே ஆள்தான். ஆனால் பால் வண்டி மாது என்று யாரும் சொல்வதில்லை. பால் தினமும் வரும், சாமி எப்போதாவதுதான் வரும்.

மேலும் கீழுமாக இரண்டு மேளங்களைச் சேர்த்துக் கட்டியது பம்பை. அதை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் குச்சி பிடித்து, அம்மனை வர்ணித்துப் பாடியபடியே அடிக்க வேண்டும். பக்கத்தில் கைச்சிலம்பு குலுக்க மாரப்பன் இருப்பார். இருவருக்கும் ஐம்பதைத் தாண்டிவிட்டது, இருவருக்கும் ஓய்வில்லை. ஆடி மாதத்தில் மாதுவைப் பிடிப்பது குதிரைக்கொம்பு. ஓசூரில் கேட்கிறார்கள், பெங்களூரில் கேட்கிறார்கள், கன்னடத்தில் நாலு வரி சேர்த்துப் பாடினால் அங்கே கூட்டம் சொக்கிப் போகிறது. பால் கறக்கிற மாடுகளுக்குத்தான் ஆடியில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வண்டியை மச்சானிடம் கொடுத்துவிட்டு மாது கிளம்பிவிடுவார்.

அவருக்குக் கல்யாணம் ஆனதும் பம்பையால்தான். இளவட்டமாக இருந்தபோது வத்தல்மலை அடிவாரத்தில் ஒரு திருவிழாவுக்கு அடிக்கப் போனார். அன்றைக்கு ஒரு பெண்மேல் அம்மன் இறங்கியது. இறங்கிய சாமியோடு பேச்சுக் கொடுத்து, ஊர் கேட்பதைக் கேட்டு வாங்கித் தருவதும் பம்பைக்காரர் வேலைதான். மாது அன்று வாயடைத்து நின்றார். சாமி மலையேறிய பிறகு அந்தப் பெண் சாதாரணமாக எழுந்து, தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, "ஏன் அப்பிடி பாக்கறீங்க?" என்று கேட்டாள். அவள்தான் செல்லம்மாள். ஆத்தாளே பார்த்து முடித்த சம்பந்தம் என்று மாரப்பன் இன்றும் கிண்டல் செய்வார்.

அதற்குப் பிறகு அவர்கள் ஊர்த் திருவிழாவில் ஆண்டு தவறாமல் செல்லம்மாள்மேல்தான் அம்மன் வந்தது. மாடு காணாமல் போனவர், மகளுக்கு வரன் அமையாதவர், கிணற்றில் தண்ணீர் இறங்கியவர், எல்லாரும் அவள் எதிரில் நிற்பார்கள். மற்ற நாட்களில் அவள் களை எடுப்பாள், ரேஷன் வரிசையில் சண்டை போடுவாள், மாதுவின் வேட்டியில் பால் வாடை என்று முகம் சுளிப்பாள். அந்த ஒரு மாலை மட்டும் அவள் வேறு. அந்த ஒரு மாலைக்காகத்தான் மீதி நாளெல்லாம் என்று அவள் வாய்விட்டே சொல்லியிருக்கிறாள்.

பிறகு அவளுக்கு நெஞ்சில் கோளாறு வந்தது. இரண்டு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, இருதயத்தில் வால்வு மாற்றினார்கள். பிழைத்து வந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், மூச்சு வாங்குகிற மாதிரி எதுவும் செய்யக் கூடாது என்றார். செல்லம்மாள் அதைக் கேட்டு, சரி, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது போல என்று நினைத்துக்கொண்டாள். மாதுவுக்கு நினைப்பு திருவிழாவுக்குத் தாவியது. சாமி வந்தால் அவள் எப்படி ஆடுவாள் என்று அவரைவிடத் தெரிந்தவர் யார்?

சாமி வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை, அம்மனிடம் சொல்லும் தைரியம் சுத்தமாக இல்லை. ஆனால் கையில் பம்பை இருந்தது.

அம்மனை அழைக்கும் அடி மெதுவாகத் தொடங்கும். வர்ணிப்பு ஏற ஏற அடியும் ஏறும். உச்சத்தில், கூட்டமே காலை உதறத் தொடங்கும் நேரத்தில், பம்பை சட்டென்று நிற்கும். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம், அவ்வளவுதான். சிலம்பும் நிற்கும். அந்த அமைதிக்குள்தான் சாமி வரும். பிறகு இரண்டு மேளமும் சேர்ந்து இடி மாதிரி விழும். அந்த வருஷம் மாது நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தையும் அடித்து நிரப்பிக்கொண்டே போனார். மாரப்பன் திகைத்துப் பார்த்தார். அப்புறம், மணிக்கட்டில் பிடிப்பு, நின்றால் மறுபடி ஏறாது என்று மாது சொன்னதை நம்பிவிட்டார். கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. அம்மன் வரவில்லை. அடுத்த வருஷமும் அப்படியே அடித்தார், அப்படியே வரவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? செல்லம்மாளிடம் ஏதோ குற்றம், அதுதான் ஆத்தா விலகிவிட்டாள் என்று பேசினார்கள். அவள் காதில் விழும்படியே பேசினார்கள்.

அந்த இரண்டாவது திருவிழாவைப் பதிவு செய்ய ஒரு பெண் வந்திருந்தாள். பெயர் காவியா. சேலத்துக்காரி, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. வெறும் ராகதாளம் பற்றிய படிப்பு இல்லையாம். ஓர் ஊரில் எதை எப்போது அடிக்கிறார்கள், யாருக்காக, கேட்கிறவர்களுக்கு என்ன ஆகிறது, இதெல்லாம் சேர்ந்ததுதான் அவள் படிப்பு. உங்கள் இசை என்று அவள் பேச ஆரம்பித்தபோது மாது கூச்சப்பட்டார்.

"இசைன்னு சொல்லாதீங்க கண்ணு. அது மேடையில உக்காந்து கச்சேரி பண்றவங்களுது. நம்மது அடி."

காவியாவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. உலகத்தில் எத்தனையோ ஜனங்களுக்கு இசை என்று தனியாக ஒரு சொல்லே கிடையாது, சடங்கும் ஆட்டமும் பாட்டும் ஒரே பேர்தான் என்றாள். எங்க கதையும் அதுதான் என்று மாது சிரித்தார். நல்ல பெண். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பாள். செல்லம்மாளுக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

மூன்றாவது திருவிழா நெருங்கும்போது ஒரு மத்தியானம் காவியா மறுபடி வந்தாள். லேப்டாப்பைத் திறந்து வைத்தாள். மைக்செட்காரர் எப்போதோ யூடியூபில் போட்ட பழைய திருவிழா வீடியோ ஒன்று, அவளே போன வருஷம் எடுத்தது ஒன்று. செல்லம்மாள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, தன் முகம் தெரிகிறதா என்று பார்க்க அங்கேயே உட்கார்ந்தாள்.

"ரெண்டையும் பக்கத்துல வச்சிக் கேட்டேங்க," என்றாள் காவியா. "பழசுல உச்சத்துக்குப் போனதும் ஒரு நிறுத்தம் இருக்கு. புதுசுல அது இல்ல. வேணும்னே மாத்துனீங்களா? ஏன்னா, அந்த நிறுத்தத்துலதான் அம்மா மேல சாமி வருது."

மாது டீ டம்ளரை எடுத்தார். குடிக்கவில்லை, கீழேயும் வைக்கவில்லை.

"பழச போடு கண்ணு," என்றாள் செல்லம்மாள்.

காவியா போட்டாள். அடி ஏறியது, நின்றது, அந்த அமைதிக்குள்ளிருந்து செல்லம்மாளின் குரலே வீறிட்டு வந்தது. வீட்டில் உட்கார்ந்திருந்த செல்லம்மாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. லேப்டாப்பில் வருகிற சத்தத்துக்குச் சாமி வராது என்பது அவளுக்குத் தெரியும். புதுசைப் போடச் சொன்னாள். அடி ஏறியது, ஏறிக்கொண்டே போனது.

"அந்த எடம் எனக்குத் தெரியும்," என்றாள் செல்லம்மாள். "ரெண்டு வருஷமும் அங்கதான் காத்துக்கிட்டு நின்னேன். எனக்குத்தான் காது மந்தமாயிடுச்சின்னு நெனச்சேன்."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டோம் என்று காவியாவுக்குப் புரிந்தது, லேப்டாப்பை மூடினாள். உங்க மேல தப்பில்ல, நீங்க கௌம்புங்க கண்ணு, திருவிழாவுக்கு வாங்க என்று மாது அவளைப் பஸ் ஏற்றிவிட்டார்.

அன்றிலிருந்து செல்லம்மாள் பேசவில்லை. சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டாள், வாயை மட்டும் திறக்கவில்லை. அவள் திட்டியிருந்தால் மாது தாங்கியிருப்பார். கடைசியில் ஒருநாள் பால் வண்டியை நிறுத்திவிட்டு வந்தவரை உட்காரச் சொன்னாள்.

"நான் என்ன பாவம் பண்ணேன்னு தேடிட்டு இருந்தேன். என் நாத்தனா பேசுன பேச்சுக்கு, நான் போயி அவ கால்ல வுழுந்தேன். ஒருவேள அதுக்காக அவளோட பேசாம இருந்ததுதான் குத்தமோன்னு. நீங்கதான் வண்டியில கூட்டிட்டு போனீங்க. வாசல்ல நின்னு பாத்துட்டு, திரும்ப கூட்டிட்டும் வந்தீங்க."

மாதுவுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. திரும்பும் வழியில், இனி ஆத்தா வருவாள் என்று அவள் சின்னப் பிள்ளைபோலச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவர் ரோட்டையே பார்த்து ஓட்டினார். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதை நினைத்தால் அவருக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது.

"ஆப்பரேசனுக்கு உன்னைய உள்ள கொண்டு போயி கதவ சாத்துனாங்க பாரு," என்றார். "இன்னொருக்கா அந்தக் கதவுக்கு வெளிய என்னால உக்கார முடியாது புள்ள."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல."

"சொன்னா கேட்டிருப்பியா?"

"மாட்டேன்," என்றாள் அவள், கொஞ்சமும் தயங்காமல். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவளா வரலன்னா சரி. நீங்க வரவுடாம பண்ணிட்டு, வரலன்னு என்னைய அழ வச்சீங்க. இந்த வருஷம் நிறுத்த வேண்டிய எடத்துல நிறுத்துங்க. வர்றதும் வராததும் எங்க ரெண்டு பேருக்குள்ள."

மாது ஒரே ஒரு வரம் கேட்டார், டாக்டரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று. போனார்கள். டாக்டர் எல்லாம் சோதித்து, நன்றாக இருக்கிறது, நடக்கலாம், வீட்டு வேலை செய்யலாம் என்றார். மாது தயங்கித் தயங்கி, சாமி ஆடலாமா என்றும் கேட்டுவிட்டார். அந்த மனிதர் சிரிக்கவில்லை. குதிக்க வேண்டாம், உட்கார்ந்து கும்பிடட்டும் என்றார். வெளியே வந்ததும் செல்லம்மாள், "உக்காந்தே இருக்கறேன். போதுமா?" என்றாள். போதும் என்று மாதுவால் சொல்ல முடியவில்லை. சாமிக்கு உட்காரச் சொல்லித் தருவது யார்?

திருவிழா மாலையில் கோயில் முன்னால் வழக்கம்போல் கூட்டம். காவியா ஓரமாக நின்றிருந்தாள், பதிவுக் கருவியைப் பைக்குள்ளேயே வைத்திருந்தாள். செல்லம்மாள் மஞ்சள் சேலை கட்டி, முன் வரிசையில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மாது பம்பையை இடுப்பில் கட்டி, வர்ணிப்பை எடுத்தார். குரல் முதலில் பிசிறியது, பிறகு சேர்ந்துகொண்டது. அடி ஏறியது. ஏற ஏற அவருக்குக் கூட்டம் தெரியவில்லை, மாரப்பன் தெரியவில்லை, அந்த மஞ்சள் சேலை மட்டும் தெரிந்தது. நிறுத்த வேண்டிய இடம் வந்தது. இரண்டு வருஷப் பழக்கத்தில் கை தானாகத் தாண்டிப் போகப் பார்த்தது. பிடித்து நிறுத்தினார்.

மாரப்பனின் சிலம்பும் நின்றது.

இவ்வளவு நீளமான அமைதியை மாது தன் ஆயுளில் கேட்டதில்லை. செல்லம்மாளின் மூச்சு இரைகிறதா என்றுதான் காது தேடியது. அவள் தோள் ஒருமுறை சிலிர்த்தது. தலைமுடி அவிழ்ந்தது. எழவில்லை, குதிக்கவில்லை, வீறிடவும் இல்லை. உட்கார்ந்தபடியே தலையை நிமிர்த்தி, அவரை நேராகப் பார்த்தாள். குலவை எழும்பியது. மாது மறுபடி அடிக்க வேண்டும், அடிக்கவில்லை.

"ஏண்டா பம்பைக்காரா," என்றது குரல். "இவள என் கண்ணுல காட்டாம ஒளிச்சி வச்சியாடா?"

கேட்டால் பதில் சொல்ல வேண்டும், அது முறை. கூட்டம் காத்திருந்தது.

"ஆமாந்தாயி," என்றார் மாது. "பயந்துட்டேன்."

"எடுத்துட்டுப் போயிருவேன்னு நெனச்சியா?"

மாது குச்சிகளைத் தாழ்த்தினார். தலையை மட்டும் ஆட்டினார்.

"எடுக்கலடா. நீயே வச்சிக்க. ஆனா அவளுக்குத் தெரியாம ஒளிக்காத."

பம்பைக்காரர் சாமிக்கு எதிரில் அழுவது வழக்கம் இல்லை. மாது எல்லாரும் பார்க்க, குச்சியைப் பிடித்த கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஊர் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டது. மாரப்பன் மெல்லச் சிலம்பைக் குலுக்கினார். அன்று அதைச் சொன்னது ஆத்தாளா செல்லம்மாளா என்று மாது அவளிடம் இதுவரை கேட்கவில்லை.