மூடிய வடிகுழாய்

தேயிலை பெக்டரியில் பொயிலர் பார்த்தவன் நான். இலை உலர்த்தும் மெசினுக்குக் காற்றைச் சூடாக்க ஸ்டீம் அனுப்புவேன். அந்த ஸ்டீம் காய்ந்ததாக இருக்க வேண்டும். கசியும் இடத்தில் கண்ணுக்கே தெரியாது, அதுதான் நல்ல ஸ்டீம். வெள்ளையாகத் தெரிந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஈர ஸ்டீம் சூட்டையும் ஒழுங்காகத் தராது, பைப்பையும் சும்மா விடாது. அதற்கு மேலும் சூடேற்றிய ஸ்டீம் எஞ்சின் ஓட்டத்தான் லாயக்கு, எங்கள் வேலைக்குத் தோதுப்படாது.

பைப்பின் தாழ்வான இடத்தில் ஒரு வடிகுழாய் இருந்தது. ஸ்டீம் ஆறிச் சேரும் தண்ணீர் அதன் வழியாக வெளியே போகும். அதை எப்போதும் கொஞ்சம் திறந்தே வைத்திருப்பேன். மஸ்கெலியா மலைக் குளிரில், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் விடிந்ததும் வாளியோடு வந்துவிடுவார்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டத் தண்ணீர் பிடிக்க.

பெக்டரியை நடத்தப் புதிதாக வந்த டீமேக்கருக்கு அது பொறுக்கவில்லை. அந்த வாரம் விறகெல்லாம் ஈரம், இலை சரியாக உலரவில்லை.

“சூடெல்லாம் வாளியில போகுது. அத மூடுய்யா,” என்றார்.

போவது சூடல்ல, இருக்கக் கூடாத தண்ணீர் என்று சொல்லியிருக்கலாம். எதிர்த்துப் பேசிய ஒருவனை முந்தின வாரம்தான் மண்வெட்டி வேலைக்கு விரட்டியிருந்தார். திருகி மூடினேன்.

ஒன்பது மணிவாக்கில் பைப் தட்டத் தொடங்கியது, உள்ளேயிருந்து யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல. தண்ணீர் கட்டிவிட்டது என்று முதல் அடியிலேயே எனக்குத் தெரியும். டீமேக்கர் பக்கத்திலேயே நின்றார். நான் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தேன். கோழைப் பயல் நான், வேறென்ன சொல்ல.

உலர்த்தும் மெசினில் அன்று நின்றது என் தங்கை புருஷன். பைப் மூட்டு பிளந்து ஸ்டீமும் கொதிதண்ணீரும் அவர் முகத்தில் அடித்தன. விபத்து என்று டீமேக்கர் எழுதிய கடதாசியில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

புண் ஆறிவிட்டது. கண் இரண்டும் போய்விட்டன. போன ஞாயிற்றுக்கிழமை லயத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தங்கை அடுப்பில் பிள்ளைக்குச் சுடுதண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் தடவிப் பார்த்து என் கையைப் பிடித்தார்.

“அன்னைக்குப் பைப்பு தட்டுனது உங்களுக்குக் கேட்டுச்சா மச்சான்?”

“பொயிலர் இரைச்சல்ல எனக்கு ஒன்னும் கேக்கல.”

“எனக்குக் கேட்டுச்சு. ஓடிறலாமான்னு பார்த்தேன். அங்கிட்டு நீங்க இருக்கீங்களே, ஏதும்னா நிறுத்தியிருப்பீங்கன்னு அப்பிடியே நின்னுட்டேன்.”