பர்மனென்ட் ஆயிடுச்சு

அன்று மத்தியானம் வீட்டில் அம்மா இருந்தாள், தங்கை இருந்தாள், நான் இருந்தேன். அப்பா இல்லை. முதல் ஷிஃப்டுக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. அவர் இருந்திருந்தால், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் எங்கே என்று முதலில் கேட்டிருப்பார்.

அப்பாவும் நானும் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும், நான் டிப்ளமோ. பர்மனென்ட் வேலைக்கான தேர்வுக்கென்று வாங்கிய தடிப் புத்தகம் ஜன்னலில் கிடந்தது. என் கையில் போன் இருந்தது.

போனிலும் சுரங்கம்தான். விரலால் தட்டினால் கரி வெட்டும். விற்று மெஷின் வாங்கினால், பிறகு நாம் தட்டாமலே வெட்டும். தூங்கும்போதும் வெட்டும். எழுந்து பார்த்தால் எண் ஏறியிருக்கும். செய்தது எதுவும் வீண்போகாத இடம் அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. வெளியே அப்படியா? காண்ட்ராக்டர் மாறினால் புது கேட் பாஸ். நானும் மறுபடி புது ஆள்.

ஆனால் அந்த எண் சும்மா இருக்க விடாது. வேலையில் கரி ஓடும் பெல்ட் ஓரம் நிற்கும்போதும், சோற்றில் கை வைத்திருக்கும்போதும், ஏதோ ஒன்று நிரம்பி நான் தட்டுவதற்காகக் காத்துக் கிடப்பதுபோல உள்ளுக்குள் அரிக்கும். புத்தகத்தைத் திறந்தால் ஒரு பக்கம் தாண்டாது. பக்கத்தைப் படித்து முடித்தால் எந்த எண்ணும் ஏறுவதில்லையே.

அந்த விளையாட்டில் ஒரு கட்டம் உண்டு. சேர்த்தது மொத்தத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சம்மதித்தால், வருமானம் என்றைக்கும் இரட்டிப்பு. அதற்குப் பெயர் ‘பர்மனென்ட்’. ஒரு மாதமாக அதற்காகத்தான் தட்டிக்கொண்டிருந்தேன். அன்று கிடைத்தது.

“பர்மனென்ட் ஆயிடுச்சு!”

காதில் இயர்போன். எவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. அம்மா எதிரே வந்து நின்று ஏதோ கேட்டாள். “ஆமாம்மா, இனிமே எல்லாம் டபுள்” என்றேன், தலை நிமிராமல்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எங்கள் ஊரில் பர்மனென்ட் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள யாரும் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை. குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, பெண் கொடுக்க வருகிறவர்கள், எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் இருக்கிறது. சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

எனக்கு விஷயம் தெரிந்தது, பக்கத்து வீட்டு அக்கா கையில் லட்டோடு எட்டிப் பார்த்தபோதுதான்.

“என்னாடா பர்மனென்ட்டு, இன்னும் இந்த வூட்லயே குந்திக்கினு இருக்க? குவார்ட்டர்ஸு எந்த பிளாக்கு?”

அவளுக்குப் பின்னாலேயே அம்மாவும் அப்பாவும். ஷிஃப்ட் பஸ் நிற்கும் இடத்துக்கே போய், இறங்கியவர்களுக்கெல்லாம் அம்மா லட்டு கொடுத்திருக்கிறாள். அப்பாவின் கையில் பாதி லட்டு இருந்தது.

“எந்த மைன்ஸ்ல போட்டுருக்காங்க?” என்றார்.

போனைக் காட்டினேன். வேறென்ன செய்ய?

அப்பா குனிந்து பார்த்தார். திரையில் குட்டிக் குட்டி ஆட்கள் வெட்டிக்கொண்டே இருந்தார்கள்.

“இவனுங்க பர்மனென்ட்டா, காண்ட்ராக்ட்டா?”

தங்கை சிரித்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை.

“அப்ப டபுளுன்னியே?”

“அது கேமும்மா.”

அக்கா கையிலிருந்த லட்டை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். அம்மா அவளைப் பார்த்து, “நீ தின்னுடி. ஆவத்தான் போறான். முன்னாடியே குடுத்துட்டேன்னு வச்சிக்க” என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

புத்தகத்தை எடுத்து மடியில் வைத்தேன். கட்டைவிரல் தானாக அட்டையைத் தட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தேன்.

களையெடுத்த கூலியில் அம்மா சேர்த்து வைத்திருந்ததிலிருந்து, லட்டுக்கும் ஷேர் ஆட்டோவுக்குமாகப் போனது ஆயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய்.