ஜெனரேட்டர் பக்கத்து அறை

கரண்ட் போனதும் எங்கோ பின்கட்டில் ஒரு ஜெனரேட்டர் இருமும். மறுபடி இருமும். பிறகு பிடித்துக்கொண்டு ஓடும். டீசல் வாடை சன்னல் வழியே உள்ளே வரும். மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்வதில்லை. எழுந்து, சத்தம் வரும் பக்கமாகச் சிறிது தூரம் நடந்த பிறகுதான் அப்பா இல்லை என்பது நினைவுக்கு வருகிறது.

அப்பா பிறந்தது சோமனூருக்குத் தெற்கே, மழை பெய்தால்தான் சோளம் என்ற மேட்டுக்காட்டில். தகப்பனாரைச் சிறு வயதிலேயே இழந்தவர், திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் கட்டுச் சுமக்க வந்தார். சுமந்தார், மடித்தார், பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஓட்டக் கற்றார். பழைய மெஷின் இரண்டை வாங்கி, ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் கீழே போட்டார். கீழே மெஷின், மேலே நாங்கள். நாங்கள் படித்தது, சண்டை போட்டது, என் தங்கைக்கு மாப்பிள்ளை பேசியது எல்லாமே அந்தச் சத்தத்துக்கு மேலேதான். எங்கள் வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேச வராது.

நூல் அறுந்தால் மெஷின் தானாக நின்றுவிடும். நின்ற மறுநொடி அப்பா விழித்துக்கொள்வார். சத்தம் இருந்தால் உறக்கம், நின்றால் வேலை. அவர் உடம்பு அப்படிப் பழகியிருந்தது. தன்னிடம் வேலை பார்த்தவர்களை வாங்க, போங்க என்றே அழைத்தார். அவர்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

பிறகு அந்த மறதி வந்தது. முதலில் பெயர்கள், அப்புறம் முகங்கள், கடைசியில் நாங்கள். மின்வெட்டு கடுமையாக இருந்த வருடங்கள் அவை. கரண்ட் போகும், மெஷின் நிற்கும், அப்பா எழுந்துவிடுவார். "நூலு அறுந்துருச்சு" என்று இறங்குவார். அறுந்த நூல் கீழே இருக்காது. அதைத் தேடித் தெரு, தெருவிலிருந்து மெயின் ரோடு, அங்கிருந்து நொய்யல் பாலம். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடுவோம்.

என் மனைவி ஒரு யோசனை செய்தாள். அப்பாவின் பனியன்களில் சைஸ் லேபிள் இருக்கும் இடத்தில், எங்கள் போன் நம்பரை நெய்த லேபிளைத் தைத்தாள். பின்கழுத்தைப் புரட்டிப் பார்ப்பது திருப்பூர்க்காரர்களுக்குக் கைப்பழக்கம். போன் வரும்: "ஏனுங்க, பெரியவரு ஒருத்தரு பாலத்துல நிக்கறாருங்க. எந்தக் கம்பெனி பனியன்னு பொரட்டிப் பாத்தா நம்பர் இருக்குதுங்க!" சிரித்துக்கொண்டேதான் ஓடுவோம். பாதி வழியில் சிரிப்பு நின்றுவிடும்.

கடைசியில் அம்மா கிரில் கேட்டுக்குப் பூட்டுப் போட்டார். அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவில் போகிறவர்களையெல்லாம் கும்பிட்டார். "ஏனுங்க, இந்த ஊட்டுக்காரங்க என்னையப் புடிச்சு வெச்சிருக்கறாங்க. எங்க ஊட்டுல போய்ச் சொல்லுங்க." சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு அம்மா சமையலறையில் நின்றார். அடுப்பு எரிந்தது. எதுவும் வேகவில்லை.

கோவைக்குப் போகும் வழியில், மறதி நோய் வந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருப்பதாக டாக்டர் சொன்னார். பெரிய மாமா, அம்மாவின் அண்ணன், கேள்விப்பட்டு வந்தார். "ஏன் மாப்ள, மெஷினு போட எடமிருக்குது, உங்கப்பனப் போட எடமில்லியா?"

நான் வாய் திறக்குமுன் அம்மா சொன்னார்: "அவன எதுக்குங்கண்ணா கேக்கறீங்க? நாந்தான் சொன்னனுங்க. பூட்டுப் போட்ட கையிலயே எப்படிங்கண்ணா சோறு போடறது?"

அப்பாவின் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தங்களில் சிலர் அதன்பின் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. மகன் செய்தான், மருமகள் செய்தாள் என்றீர்கள். அம்மா இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து, இதைக் கட்டாயம் எழுது என்கிறார்: முடிவு அவருடையது. அவருக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. 'கட்டுனவ கொண்டாந்து தள்ளிட்டுப் போய்ட்டானு அவரு மனசுல பட்டுரக் கூடாது.'

அமைதி வேண்டும் என்று நாங்களே கேட்டு, இல்லத்தில் வேப்பமரம் பார்த்த முன் அறையை வாங்கினோம். இலை விழும் ஓசை கேட்கும் அறை. அப்பா கண் மூடவில்லை. படுக்கை விரிப்பில் இழை இழையாக நூல் பிரித்தார். "மெஷின் ஏனுங்க நிக்குது?" என்று எல்லோரையும் கேட்டார். அம்மா பூட்டைவிட்டு வந்தும் பூட்டிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. பின்னால் ஜெனரேட்டர் இருமிப் பிடித்தது. அப்பா எழுந்தார், நடை வழியே போனார், கடைசி அறைச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார், வாய் திறந்தபடி உறங்கிப்போனார்.

அங்கே பொறுப்பில் இருந்த திருநெல்வேலிக்காரப் பெண்மணி ஓடி வந்தார். "ஐயையோ, இங்க வந்து படுத்துட்டாவளே! காது போயிருமே!"

"எழுப்பாதீங்க" என்றார் அம்மா. "இந்த ரூம்பு யாருக்குங்க?"

"இதுல யாரு இருப்பா? அந்தப் பக்கம் துணி தொவைக்க மெஷினு, இந்தப் பக்கம் ஜெனரேட்டரு. ஒண்ணு நின்னா இன்னொண்ணு. சாமான்தான் கெடக்கு."

"சாமானத் தூக்கி அந்த வேப்பமரத்து ரூம்புல வெய்ங்க. இத எங்களுக்குக் குடுங்க."

"நல்ல ஆளுவ போங்க!" என்று அவர் சிரித்த சிரிப்பு எங்களுக்கும் தொற்றியது.

அந்த அறையில் அப்பா உறங்கினார், உண்டார். கதவு திறந்தே கிடந்தது, வெளியே போகவில்லை. பெரிய மாமா ஒருநாள் வந்து, சத்தத்தில் காது கேட்காமல், "மச்சான்!" என்று கத்தினார். அப்பா உதட்டில் விரல் வைத்தார். "மெல்லப் பேசுங்க. ஆளுங்க வேலையா இருக்கறாங்க." மாமா வெளியே வந்து வெகுநேரம் மேல்துண்டில் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

நெஞ்சில் சளி கட்டி அப்பா போய்ச் சேர்ந்தார். கழுத்தைப் புரட்டிப் பார்த்து போன் செய்த முகம் தெரியாதவர்களுக்கும், குளிப்பாட்டி ஊட்டிவிட்ட இல்லத்துக் கைகளுக்கும், வந்தவர்களுக்கும், வர மனமில்லாதிருந்து இன்று வந்திருப்பவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

அம்மா அவரைக் கடைசியாகப் பார்த்த மாலையில் நானும் இருந்தேன். வெயில் சாய்ந்ததும் அப்பாதான் பேச்சை எடுத்தார்.

"பொழுது எறங்குது. உங்க ஊட்டுல தேடுவாங்க, கெளம்புங்க அம்மிணி."

"எங்க ஊட்டுக்காரரு இங்கதானுங்க இருக்கறாரு" என்றார் அம்மா.

அப்பா சற்று யோசித்தார்.

"அப்படீங்களா? செரி, அவர நான் பாத்துக்கறனுங்க. நீங்க தைரியமாப் போய்ட்டு வாங்க."