மாமனார் வண்டி கத்தியது

என் மாமனார் உயிரோடு இருந்தவரை என்னிடம் குரலை உயர்த்தியதே இல்லை. அந்தக் குறையை, அவர் போன பிறகு அவருடைய கார் தீர்த்துவைத்தது.

பதினெட்டு வருடம் ஓடிய வெள்ளைக் கார். மகள் பங்காக எங்கள் வீட்டுக்கு வந்தது. மெதுவாகப் போகும்போது பிரேக்கை லேசாக மிதித்தால் போதும், முன்சக்கரத்திலிருந்து ஒரு கத்தல் கிளம்பும். ஓடைப்பட்டி பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள் நாய் அடிபட்டுவிட்டதோ என்று குனிந்து பார்ப்பார்கள். என் மனைவிக்கு மட்டும் அதில் ஒரு வசதி. தெருமுனையில் சத்தம் கேட்டதும் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிடுவாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பெரிய திரை வைத்த புதுக் கார் வேண்டும். என் பங்காளி வீட்டில் அப்படி ஒன்று நிற்கிறது, அவன் அதில் ஏறும் தோரணை எனக்குச் சகிக்கவில்லை. அதனால் கத்தல் ஆரம்பித்ததும் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. ஆயுத பூஜைக்கு நானே நின்று, மேலும் கீழும் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிச் சந்தனம் பூசிய வண்டி அது. எந்த மருமகன் செய்வான்? பத்து நாள் நிறுத்திவைத்து எடுத்தால் கத்துகிறது. “உங்கப்பா வண்டிய வச்சிருந்த லட்சணம்” என்று தினம் ஒரு தடவையாவது சொன்னேன். கம்பம் ஊரில் பழைய கார் வாங்கும் ஒருவரைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியைப் பார்க்கச் சொல்லிவிட்டேன்.

மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். “மெக்கானிக்குகிட்டக் காட்டுங்க. வண்டி தேறாதுன்னு அவரு சொன்னா வித்துக்கங்க, நான் வாயத் தெறக்கல. அப்பாவோடதுன்னு என்கிட்ட இருக்கது அது ஒண்ணுதான்.”

டீக்கடையில் இலவச வைத்தியம் கிடைத்தது. எலுமிச்சம்பழம் வைத்து ஏற்று என்றார் ஒருவர். ரெண்டு சொட்டு நல்லெண்ணெய் விடு என்றார் இன்னொருவர், கதவுக் கீலுக்குச் சொல்வதுபோல.

சின்னமனூரில் இருந்த மெக்கானிக்கிடம் அதைச் சொன்னேன். “பிரேக்குல எண்ணெய விட்டா வண்டி நேரா வாய்க்கால்லதான்ணே போயி நிக்கும்” என்றார். என்னை மெதுவாக ஓட்டச் சொல்லி, பக்கத்திலேயே குனிந்தபடி காதைக் கொடுத்து நடந்து வந்தார். “முன்னால எடது பக்கம்.”

ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் பேடு பாதிக்கு மேல் தேயாமல் இருந்தது. டிஸ்க்கிலும் கோளாறு இல்லை. பேடுகளை விட்டு விட்டுப் பிடிக்க வேண்டிய காலிப்பர் மட்டும் நகரவில்லை. அது வழுக்கி நகர உதவும் ‘பின்’ என்ற இரும்புக் கம்பி இறுகிப்போய் இருந்தது.

“ஆச்சரியமா இருக்கு. பெரியவரு வண்டி இது. வருசம் தவறாம இங்கன வந்து, பின்னக் கழட்டிக் கிரீஸ் வைக்கச் சொல்லிக் கூடவே நிப்பாக” என்றவர் விரலால் எதையோ சுரண்டினார். “இதென்னண்ணே, வெள்ளையும் நீலமுமாப் பொருக்குத் தட்டியிருக்கு?”

பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மயில்துத்தமும் சுண்ணாம்பும். திராட்சைக் கொடிக்கு அடிச்சாம்பல் நோய் வராமல் இருக்க நாங்கள் கலந்து அடிக்கும் மருந்து.

“வண்டிய எதுல கழுவுனீக?”

“தண்ணியிலதான்.”

“தோட்டத்து ஸ்பிரேயர்லயா?”

நான் ஆகாயத்தைப் பார்த்தேன். மிச்ச மருந்தோடு இருந்த டேங்கை அலசாமல் அப்படியே தண்ணீர் நிரப்பி அடித்திருக்கிறேன்.

“கவலய விடுங்கண்ணே, உங்க வண்டிக்கு இனி அடிச்சாம்பல் நோய் வராது.”

சிரித்துக்கொண்டே பின்னைத் தட்டி எடுத்தார், பொருக்கைத் தேய்த்தார், பேடு முகத்தை உப்புத்தாளில் உரசினார், பின்னுக்கு மட்டும் கிரீஸ் தடவிப் பூட்டினார். மிதித்துப் பார்த்தேன். சத்தமே இல்லை.

புத்தி அப்போதும் திருந்தவில்லை. “வீட்டுல கேட்டா, வண்டி தேறாதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்களேன்.”

“செத்த மனுசன் பாவத்த நான் எதுக்குண்ணே கொட்டிக்கணும்?”

திரும்பும் வழியில் மார்க்கையன்கோட்டை வரை மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டே வந்தேன். அதற்குப் பிறகு திட்ட ஆள் இல்லை. வருடம் தவறாமல் பக்கத்தில் நின்று கிரீஸ் வைக்கச் சொன்ன மாமனாரை வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. புதுக் காரும் கண் முன்னால் வந்து வந்து போனது, அதையும் மறைப்பதற்கில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது தோசைக்கல் ஏறவில்லை. அடுப்படியில் என்னைப் பார்த்ததும் அவள் முகம் செத்துவிட்டது. “சத்தமே கேக்கல. அங்கனயே வித்துட்டீகளா?”

“வாசல்லதான் நிக்குது. உங்கப்பா மேல ஒரு குத்தமும் இல்ல. நான்தான் மருந்து டேங்க அலசாம வண்டியக் கழுவிட்டேன்.”

அவள் வாசலுக்குப் போய்க் காரைப் பார்த்துவிட்டு வந்து, நிதானமாகக் கல்லை அடுப்பில் வைத்தாள்.

“பூசைக்குப் பொட்டு வைக்கயிலயே வீலெல்லாம் மருந்து நீலம் பூத்திருந்தத நான் பாத்தேன்.”

“அப்பவே சொல்றதுக்கென்ன?”

“ஞாயித்துக்கெழம கம்பத்துக்காரரு வருவாருல்ல, அப்ப உங்க பங்காளியயும் கூப்புட்டு வச்சு, ரெண்டு பேரு முன்னாலயும் சொல்லலாம்னு இருந்தேன். நீங்களாச் சொல்லிட்டீக, பொழச்சீக. ஒக்காருங்க.”