மூன்று பழைய போன்களுக்காக மைசூரிலிருந்து மார்டள்ளிக்கு

போன மாதம் ஒரு புதன்கிழமை விடியலில், இருபத்திநாலு பழைய போன்களை ஒரு தோள்பையில் போட்டுக்கொண்டு ஈரோட்டிலிருந்து மைசூருக்குக் கிளம்பினேன். அரண்மனை பார்க்க இல்லை. மொபைல் கேம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனிக்குச் சோதனை போன்களை வாடகைக்கு விடப் போனேன். பழைய போன் வாங்கி விற்பது என் தொழில், பதினாறு வருஷமாகிறது. விற்பனையில் லாபம் வருஷத்துக்கு வருஷம் இளைத்துக்கொண்டே வருகிறது. ஒரு போனை ஒரே தடவை விற்பதைவிடப் பத்துத் தடவை வாடகைக்கு விடலாமே என்று புத்திக்குப் பட்டது. இதுதான் முதல் பார்ட்டி. இது நழுவினால் அடுத்தது வராது. முடிக்காமல் ஊர் திரும்புவதில்லை என்று கிளம்பினேன். வியாபாரமாக அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

ஈரோட்டில் 4.45 பஸ், சத்தியமங்கலத்தில் 6.20. அங்கிருந்து 6.40க்கு மைசூர் பஸ். இரண்டுக்கும் சேர்த்து டிக்கெட் 255 ரூபாய். திம்பம் மலைப்பாதையில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. வயிற்றைப் பிரட்டும் ஆசாமி என்றால் முன் சீட்டைப் பிடியுங்கள், சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். ஆசனூரில் டீ. 9.30க்கு சாமராஜநகர், 11.15க்கு மைசூர். பஸ் நிலையத்திலிருந்து சரஸ்வதிபுரத்துக்கு ஆட்டோ 90 ரூபாய்.

கம்பெனி ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருக்கிறது. மொத்தம் நாலு பேர். நடத்துவது ஸ்ருதி. அவருடைய தாத்தா ரயில்வே வேலைக்காக மைசூர் வந்தவர். வீட்டில் தமிழ்தான், ஆனால் வாயைத் திறந்தால் பாதி கன்னடமும் கூடவே வரும். அவர்கள் செய்யும் கேமில் காவிரியில் பரிசல் ஓட்ட வேண்டும். போனை இடது பக்கம் சாய்த்தால் பரிசல் இடது பக்கம் திரும்பும். அந்தச் சாய்வைக் கண்டுபிடிப்பது போனுக்குள் இருக்கும் கைரோஸ்கோப் என்ற சென்சார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: பதினாறு வருஷத்தில் ஆயிரக்கணக்கில் போன் கைமாற்றியிருக்கிறேன், ஒரு போனிலும் அது இருக்கிறதா என்று பார்த்ததில்லை. விலை குறைந்த போன்கள் பலவற்றில் அது கிடையாது. நான் கொண்டுபோன இருபத்திநாலில் ஐந்து அங்கேயே கழிந்தன.

புதிதாக வந்த ஒரு விலையுயர்ந்த போனில் கேமைப் போட்டுக் காட்டினார்கள். அதன் கிராபிக்ஸ் சிப், வெளிச்சம் எங்கே பட்டு எங்கே திரும்பும் என்று ஒவ்வொரு நொடியும் கணக்குப் போடுகிறதாம். பரிசல் சுழலும்போது தண்ணீரில் சூரியன் உடைந்து உடைந்து ஒட்டியது. ஸ்ரீரங்கப்பட்டணம் படித்துறையில் நின்று பார்ப்பது போலவே இருந்தது. கால் மணி நேரத்தில் போனின் முதுகு தோசைக்கல்லாகிவிட்டது, உடனே ஆட்டம் மந்தமானது. “இது ஷோவுக்கு சார்,” என்றார் ஸ்ருதி. “ஆடறவங்க கையில இருக்கறது உங்க பையில இருக்கற போன்தான்.”

அவருக்கு வேண்டியிருந்தது முக்கியமாக ஒரு மாடல். முதுகு நீலமாக இருக்கும், நாலு வருஷத்துக்கு முன்னால் சக்கைப்போடு போட்டது. கைரோஸ்கோப் உண்டு, சிப் சுமார். என்னிடம் அதில் ஐந்து இருந்தன. ஐந்திலும் கேமைப் போட்டார்கள். அரை மணி நேரம் வெண்ணெய் மாதிரி ஓடியது. நான் காலை நீட்டி உட்கார்ந்தேன். ஸ்ருதி முகம் மட்டும் தொங்கிவிட்டது.

“எல்லாம் சென்னாகிதே சார். அதுதான் பிராப்ளம்.” சென்னாகிதே என்றால் நன்றாயிருக்கிறது. “இந்த மாடல் வச்சிருக்கறவங்கதான் டெய்லி கம்ப்ளெயின்ட் போடறாங்க. சுழல்ல போனா தண்ணி கறுப்பாகி கேம் மூடிடுதாம். உங்க போன்ல ஏன் ஆகல? அப்டேட் பண்ணீங்களா?”

“பின்னே? அஞ்சையும் லேட்டஸ்டுக்கு ஏத்தியாச்சு,” என்றேன் பெருமையாக.

எங்கள் தொழிலில் அது பழக்கம். பழைய போன் கைக்கு வந்ததும் அழித்து, துடைத்து, அப்டேட் போட்டு, புதுக் கண்ணாடி ஒட்டி, கல்யாணப் பெண் மாதிரி வைப்போம். ஆனால் கிராபிக்ஸ் சிப்பை ஓட்டும் உள் மென்பொருள் அந்த அப்டேட்டோடுதான் வருகிறது. பழைய பதிப்பில் இருந்த கோளாறு புதியதில் சரியாகிவிட்டது. இவர்களுக்கு வேண்டியதே அந்தக் கோளாறுதான். கண்ணால் பார்த்தால்தானே மருந்து போட முடியும்? மறுபடி பழசுக்குத் திருப்பலாமா என்று கேட்டேன். இந்த மாடலில் முடியாதாம், போன் தயாரித்த கம்பெனியே பூட்டு போட்டுவிட்டதாம்.

“சனிக்கிழமை புது வெர்ஷன் விடறோம். வெள்ளி மதியத்துக்குள்ள பழசு வேணும் சார். மூணாவது வேணும். இல்லேன்னா பெங்களூர்ல இன்டர்நெட் வழியா போன் வாடகைக்குத் தர்றவங்ககிட்ட போயிடுவேன். கோச்சுக்காதீங்க.”

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது, நான் அவர் இடத்தில் இருந்தால் அன்றைக்கே போயிருப்பேன். பக்கத்துத் தெரு மெஸ்ஸில் சாப்பாடு (110 ரூபாய், ரசம் நன்றாக இருக்கும்). ரசத்தில் பாதி இறங்கும்போது நினைவு வந்தது: இந்தப் புது அப்டேட் வருவதற்கு முன்பே, இதே நீல மாடலில் முப்பது போன் நானே மார்டள்ளிக்கு அனுப்பியிருக்கிறேன். ஹனூருக்கு அந்தப் பக்கம், எல்லையை ஒட்டிய பெரிய ஊர், எங்கும் தமிழ்தான். அங்கே ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் செல்வியைக் கூப்பிட்டேன்.

“நீல போனா? பாதி ஊர் அதைத்தான் வச்சிருக்குது. ஏனுங்ணா, இப்பவாச்சும் ரிப்பேர் பண்ணித் தரப் போறீங்களா?”

“யாராவது அப்டேட் போட்டிருக்காங்களா?”

“அப்டேட்டா? வீடியோ பாக்கறதுக்கே இங்க பாறை மேல ஏறோணும். நீங்க வேற.”

அவ்வளவு இனிமையான செய்தியை அந்த வாரம் நான் கேட்டதில்லை.

லாட்ஜ் 850 ரூபாய். வியாழன் காலை 6 மணிக்கு வாடகைக் கார், போக வர 245 கி.மீ., காத்திருப்பு சேர்த்து 3,600 ரூபாய். நரசிபுரம், கொள்ளேகால், ஹனூர் வழி. கொள்ளேகாலில் இட்லியை முடித்துவிடுங்கள். 9.20க்கு மார்டள்ளி. டிரைவர் நாகராஜுக்குத் தமிழ் கொஞ்சம் வரும். நான் எதற்குப் போகிறேன் என்று கேட்டுவிட்டு ஹனூர் வரை சிரித்தார். “ஒள்ளே போன், நல்ல போன் குடுத்து ஒடைஞ்ச போன் வாங்கறது. சார், நீங்க வியாபாரியா, தர்மம் பண்ற பார்ட்டியா?”

திட்டம் அதுதான். என்னிடமிருக்கும் பளபளப்பான நீல போனைக் கொடுப்பது, அதே மாடலில் அப்டேட் ஆகாததை எடுத்துக்கொள்வது. ஐந்து நிமிஷத்தில் முடியும் என்று நினைத்தேன். செல்வி கடையில் கூடியவர்கள் அப்படி நினைக்கவில்லை. மக்காச்சோளக் காட்டிலிருந்து நேரே வந்திருந்த சின்னப்பன் தன் போனை மடியில் சொருகிக்கொண்டார்.

“நல்லதைக் குடுத்துட்டு ஒடைஞ்சதைக் கேக்கறாருன்னா, இதுக்குள்ள என்னமோ இருக்குது. தங்கமா?”

“உள்ள கோளாறு இருக்குதுங்க. எனக்கு அந்தக் கோளாறுதான் வேணும்,” என்றேன்.

“கேட்டியா செல்வி? கோளாறு வேணுமாமா! எங்கூட்டு மாட்டுலயும் ஒண்ணு இருக்குது, ஓட்டிட்டுப் போவாரான்னு கேளு.”

கடை முழுக்கச் சிரிப்பு. சிரித்து முடித்ததும் செல்வி என்னைத் தனியாகப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எனக்கு நன்றாகத் தெரியும். நான் மற்றவர்களைப் பார்க்கும் பார்வை. “ஏனுங்ணா, உங்களுக்கு அவசரம் போல இருக்குது. மூணு போன் நான் வாங்கித் தர்றேன். ஒவ்வொருத்தருக்கும் புதுக் கவர், கண்ணாடி. எனக்குப் பத்து சார்ஜர்.” ஆறில் நிறுத்தப் பார்த்தேன். “அப்ப பாறை மேல ஏறி மைசூருக்கு நானே பேசிக்கறேன்,” என்றார். பத்துக்கு ஒத்துக்கொண்டேன்.

இரண்டு போன் மதியத்துக்குள் வந்தன. சின்னப்பன் யோசித்துவிட்டுக் கடைசியில் தன்னுடையதை நீட்டினார். வாங்கப் போகும் நேரம் திரையில் ஒரு அறிவிப்பு, ‘அப்டேட் தயார்’ என்று. எந்தச் சந்தை நாளிலோ சிக்னல் கிடைத்தபோது இறங்கிக் கிடந்திருக்கிறது. அவர் விரல் அதன் மேல் போய்க்கொண்டிருந்தது.

“தொடாதீங்க!” என்று கத்திவிட்டேன். போன் தரையில் விழுந்தது.

“என்ன சாமி, பாம்பா?”

பாம்பைவிட மோசம் என்று சொல்லிக் குனிந்து எடுத்தேன். ஏற்கெனவே இருந்த கீறல் பக்கத்தில் இன்னொரு கீறல். உயிர் இருந்தது. மூன்று பேருடைய படங்களையும் மெமரி கார்டு வழியாகவே என் போன்களுக்கு மாற்றிக் கொடுத்தேன். பழைய போனிலிருந்து அவர்கள் கணக்குகளை நீக்கும் நிமிஷத்துக்கு மட்டும் இன்டர்நெட்டைத் திறந்து, உடனே மூடினேன். பிறகு மூன்றையும் அழித்தேன். அழித்தால் படம் போகும், உள் மென்பொருள் பழையதாகவே இருக்கும். 2.15க்குக் கிளம்பி 5.40க்கு மைசூர்.

வெள்ளி காலை 10.30க்கு மாடியில் ஐந்து பேரும் நின்றோம். முதல் போன் சுழலுக்குள் போனது, வெளியே வந்தது. ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதும் அப்படியே. கடைசியாகச் சின்னப்பன் போன். ஸ்ருதி அதைக் கையில் எடுத்துச் சாய்த்தார். பரிசல் சுழலில் ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவதில் தண்ணீர் தார் ஊற்றியது போல் கறுத்தது, கேம் மூடிக்கொண்டது.

நாலு பேரும் போட்ட கூச்சலில் கீழே பேக்கரிக்காரர் என்னமோ ஏதோ என்று மாடியேறி வந்துவிட்டார். நான் கொடுத்த போன் கோளாறு பண்ணி, அதற்கு வாடிக்கையாளர் கைதட்டிப் பார்த்தது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. சூடேறிய பிறகு மற்ற இரண்டு போனிலும் அதே இடத்தில் விழுந்தது. சாயங்காலத்துக்குள் காரணத்தைப் பிடித்துவிட்டார்கள். ஆறு மாத வாடகை ஒப்பந்தத்தில் ஸ்ருதி கையெழுத்துப் போட்டார். “பெங்களூர்காரங்க இந்த போனைத் தந்திருக்க மாட்டாங்க சார்,” என்றார். எனக்கு அது போதும்.

மார்டள்ளிக்கு மட்டும் போவதானால் ஈரோட்டுக்காரர்கள் மைசூரைச் சுற்ற வேண்டாம், அந்தியூரிலிருந்து பர்கூர் மலை வழியாகப் போகலாம். திம்பத்தில் இரவில் வண்டி விடமாட்டார்கள், நேரத்தை விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். கேம் செய்கிறவர்களுக்குப் போன் கொடுக்க நினைக்கிற வியாபாரிகளே, கைரோஸ்கோப் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். என்ன பதிப்பு என்று முதுகில் சீட்டு ஒட்டுங்கள். துடைக்கலாம், கண்ணாடி ஒட்டலாம். அப்டேட் பொத்தான் பக்கம் மட்டும் போகாதீர்கள். பக்கத்தில் யாரையும் போகவும் விடாதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே செல்வியிடமிருந்து போன். நான் மாற்றிக் கொடுத்த நீல போன்களில் ஒன்றை அவரே விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டாராம்.

“ஏனுங்ணா, இதுல புதுசா ஒரு அப்டேட் வந்திருக்குது. அமுக்கட்டுமா?”

“வேண்டாம் செல்வி, அமுக்காதீங்க. அடுத்த மாசம் நானே வந்து எடுத்துக்கறேன்.”

“சரி வாங்க,” என்றார். “இந்தத் தடவை சார்ஜர் இருபதுங்ணா.”